உடந்தை யார்?

2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஒரு புது அறிவிப்பு வெளியிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, அவரோடு உட்கார்ந்து வருகிறவருக்கும் இனி வழக்கு உண்டு என்றது. இதற்காகப் புதுச் சட்டம் ஏதும் போடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பல ஆண்டுகளாக ஏட்டில் தூங்கிக் கிடந்தது, அதை எழுப்பினார்கள், அவ்வளவுதான். 185ஆம் பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அந்தப் பிரிவு. ஆக, ஒரே பைக்கில் வந்த இரண்டு பேருக்கு இரண்டு பத்தாயிரம்.

நல்ல சட்டம்தான் தோழர்களே. உடந்தையைப் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யார் உடந்தை என்பதில்தான் நமக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

பின்சீட்டில் உட்கார்ந்தவர் சரக்கை விற்கவில்லை. தமிழ்நாட்டில் அதை விற்பது அரசு. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024-25 நிதியாண்டில் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். கடையை ஒட்டி பார் நடத்த டெண்டர் விடுவதும் அரசுதான். மாலை ஏழு மணிக்கு எந்த டாஸ்மாக் பாருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலில் இருபது முப்பது டூவீலர் நிற்கும். அந்த வண்டிகள் திரும்பிப் போகும்போது யார் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று டெண்டர் விட்டவருக்குத் தெரியாதா?

சட்டம் சொல்லும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். கடையில் நம் ஆட்கள் வாங்கும் ஆகச் சிறிய பாட்டில் குவார்ட்டர், அதாவது 180 மில்லி. சராசரி உடம்புள்ள ஒருவர் அதை முழுதாகக் குடித்தால் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடுவார். ஒரு முழு பீர் பாட்டிலே போதும். அரசு விற்கிற பாட்டில்களில் சட்ட வரம்புக்குள் நிற்கிற அளவு அரிது. தானே விற்று, தானே உட்கார இடம் கொடுத்து, நானூறு மீட்டர் தள்ளித் தானே ஊதச் சொல்கிறது. 188ஆம் பிரிவை ஒழுங்காகப் படித்தால் முதல் எதிரி யார் என்பதற்கு வக்கீல் தேவையில்லை.

உடனே ஒரு கேள்வி வரும். நம் தோழர்களே கேட்கிறார்கள். "அப்படியென்றால் குடித்துவிட்டு ஓட்டலாம் என்கிறீர்களா?"

இல்லை. ஒரு நாளும் சொல்ல மாட்டோம். குடித்தவர் ஓட்டும் வண்டிக்கு முன்னால் நடந்து போகிறவர் யார் என்பது நமக்குத் தெரியும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள், அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. நாடு முழுக்கச் செத்தவர்களில் பெரும்பான்மையினர் டூவீலரில் போனவர்களும் நடந்து போனவர்களும். காலனியிலிருந்து மெயின் ரோட்டைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலை முடிந்து சாலையோரம் படுத்திருப்பவர்கள், நூறு நாள் வேலைக்கு விடிகாலையில் வரிசையாக நடப்பவர்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள். சாலை விபத்து என்பது நமக்குப் பொது அறிவுப் பாடம் இல்லை, வீட்டுச் சாவு. அதனால் 185ஆம் பிரிவு வேண்டும். கறாராகவே வேண்டும். அது யாரிடம் கறாராக இருக்கிறது, யாரிடம் குழைகிறது என்பதுதான் நம் சண்டை.

1988இல் இந்தச் சட்டம் வந்தபோது முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. 'வரை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எதிரே நிற்பவர் யார், என்ன கூலி வாங்குகிறார், எவ்வளவு குடித்திருந்தார் என்று பார்த்து ஐந்நூறும் போடலாம், இரண்டாயிரமும் போடலாம் என்று நடுவருக்கு ஒரு கை நீளம் இடம் இருந்தது. 2019 திருத்தம் அந்த 'வரை'யை எடுத்துவிட்டது. அபராதம் என்றால் 10,000 ரூபாய். இரண்டாம் முறை 15,000, சிறை இரண்டு ஆண்டு வரை. சிறைக்கு இன்னமும் 'வரை' இருக்கிறது, பணத்துக்கு இல்லை.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் பத்தாயிரம் என்பது முப்பது நாள் வேலை. நூறு நாளும் முழுதாக வேலை கிடைக்கும் குடும்பம் எத்தனை என்பதைக் களத்துக்குப் போகும் நீங்களே அறிவீர்கள். அதே பத்தாயிரம், நட்சத்திர ஓட்டலில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்த மேஜையின் பில். பின்லாந்தில் பல குற்றங்களுக்கு அபராதத்தை ஒருவருடைய நாள் வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பணக்காரருக்கு வலிக்கிற தொகை வேறு, கூலிக்காரருக்கு வலிக்கிற தொகை வேறு என்பது அங்கே சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே எல்லோருக்கும் ஒரே தொகை போட்டுவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நாங்கள் வேலை செய்யும் வட மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு லோடுமேன். சனிக்கிழமை கூலி வாங்கினார், குவார்ட்டர் அடித்தார், வீட்டுக்குக் கிளம்பினார். கடையிலிருந்து முதல் திருப்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். ஊதினார், மீட்டர் காட்டியது, பைக் ஸ்டேஷனுக்குப் போனது. அவர் செய்தது தவறு. அதை அவரே மறுக்கவில்லை. பத்தாயிரம் புரட்ட அவர் மனைவிக்கு ஐந்து வாரம் ஆனது. பாதி மகளிர் குழுக் கடன், மீதி வட்டிக்கு. அந்த ஐந்து வாரமும் பைக் ஸ்டேஷன் வேலியோரம் மழையில் நின்றது. பைக் இல்லாததால் மார்க்கெட்டுக்கு அதிகாலை லோடுக்குப் போக முடியவில்லை, வேலையும் வேறொருவருக்குப் போனது. வண்டியை எடுக்கப் போன அன்று அவருடைய அக்கா எங்களிடம் கேட்டார்: "ஏம்பா, கடையும் அவங்களுது, வண்டிய புடிக்கறவங்களும் அவங்க. அந்தக் கடைக்கு எதுத்தாப்லயே நின்னு, போவாதடா தம்பின்னு புடிச்சிருந்தா எங்களுக்கு இந்தக் கடன் வந்திருக்குமா?"

அந்தக் கேள்விக்கு எந்தத் துறையிடமும் பதில் இல்லை. விபத்தைத் தடுப்பதுதான் நோக்கமென்றால், பார் வாசலில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு காலையில் கொடுக்கலாம். கடை மூடும் பத்து மணிக்கு ஒரு டவுன் பஸ் விடலாம். பெரும்பாலான கிராமங்களுக்கு அந்த நேரத்தில் கடைசி பஸ் போய்விட்டிருக்கும், கடை மட்டும் திறந்திருக்கும். தடுப்பதில் வருமானம் இல்லை, பிடிப்பதில் இருக்கிறது.

நெடுஞ்சாலைக் கடைகளின் கதையை இளைய தோழர்கள் பலர் மறந்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கில்தான் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. காரணம் குடித்துவிட்டு ஓட்டுவதால் வரும் சாவுகள். இந்த விஷயத்தில் இந்த நாட்டில் வந்த மிக முக்கியமான தீர்ப்பு அது. 2017இல் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. அடுத்து என்ன நடந்தது? மூடிய கடைகளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பெண்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. ஊருக்குள் எதிர்ப்பு வந்த கடைகள் கடைசியில் எங்கே போய் நின்றன என்று நாங்கள் பார்த்த இடங்களில், ஒன்று வயற்காட்டு நடுவில், அல்லது காலனி ஓரத்தில். எதிர்த்துக் கேட்டால் கலெக்டருக்குக் கேட்கிற குரல் யாருக்கு இல்லையோ அவர்கள் வாசலுக்குக் கடை வந்தது. அப்புறம் அதே வாசலில் ஊதச் சொல்ல ஆளும் வந்தது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் சொல்ல, நகரத்துக் கடைகளுக்கும் ஓட்டல் பார்களுக்கும் மூச்சு வந்தது.

இனி இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். கார் ஓட்டுகிறவர்களின் பக்கம்.

1999 ஜனவரி, டெல்லி லோதி காலனி. முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன் ஓட்டிய பி.எம்.டபிள்யூ கார் ஆறு பேரைக் கொன்றது. அதில் மூன்று பேர் காவலர்கள். வழக்கு பதின்மூன்று ஆண்டு நடந்தது. இடையில் அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் சாட்சியோடு பேரம் பேசும் காட்சியைத் தொலைக்காட்சி ரகசியக் கேமராவில் பிடித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவு அல்ல, மரணம் விளையும் என்று தெரிந்தே செய்த குற்றம்தான் என்று சொன்னது. சொல்லிவிட்டு, ஏற்கனவே அனுபவித்த இரண்டு ஆண்டே போதும், 50 லட்சம் கட்டு, இரண்டு ஆண்டு சமூக சேவை செய் என்று முடித்தது.

2002 செப்டம்பர், மும்பை பாந்த்ரா. நடிகர் சல்மான் கானின் கார், பேக்கரி வாசலில் படுத்திருந்தவர்கள் மேல் ஏறியது. ஒருவர் சாவு, நால்வர் காயம். எச்சரித்தேன், கேட்கவில்லை என்று முதல் புகார் கொடுத்தவர் நடிகருக்குக் காவலாக நின்ற போலீஸ்காரர். அவர் வேலையை இழந்து, 2007இல் காசநோயில் செத்துப்போனார். 2015 மே மாதம் செஷன்ஸ் நீதிமன்றம் ஐந்து ஆண்டு தண்டனை கொடுத்தது. அன்றைக்கே இடைக்கால ஜாமீன். டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஓட்டியது அவர்தான் என்பதும் நிரூபணம் ஆகவில்லை, குடித்திருந்தார் என்பதும் நிரூபணம் ஆகவில்லை, ரத்தப் பரிசோதனையையும் ஏற்க முடியாது என்றது. ரோட்டில் நாய் மாதிரிப் படுத்தால் நாய் மாதிரித்தான் சாவார்கள் என்று சினிமாப் பாடகர் ஒருவர் அப்போது பகிரங்கமாக எழுதினார். ரோட்டில் படுப்பது யார், ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டிய தேவையே இருந்ததில்லை.

2006 நவம்பர், அதே பாந்த்ராவின் கார்ட்டர் ரோடு. நடைபாதையில் தூங்கிய கட்டுமானத் தொழிலாளர்கள் மேல் கார் ஏறியது. ஏழு பேர் சாவு, எட்டுப் பேர் காயம். ஓட்டியவர் ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தது உறுதியானது. விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். ஏழு உயிருக்கு ஆறு மாதம்! உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டாக்கியது. 2012இல் அலிஸ்டர் பெரெய்ரா வழக்கு என்று பாடப்புத்தகங்களில் வரும் தீர்ப்பில், மூன்று ஆண்டு மிகக் குறைவு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் கூட்ட முடியவில்லை. ஏனென்றால் தண்டனையைக் கூட்டச் சொல்லி மாநில அரசு மேல்முறையீடே செய்யவில்லை. இந்த ஒரு வரியைச் சட்டம் படிக்கும் தோழர்கள் நாலு முறை படியுங்கள். செத்தவர்களுக்காக வழக்கு நடத்த வேண்டியவர், கூடுதலாக ஒரு மனு போடக்கூட மெனக்கெடவில்லை.

சென்னையும் இதில் பின்தங்கவில்லை. 2016 செப்டம்பரில் கதீட்ரல் சாலையில், வரிசையாக நிறுத்தியிருந்த ஆட்டோக்கள் மேல் விடிகாலையில் ஒரு போர்ஷே கார் பாய்ந்தது. ஆட்டோவிலேயே தூங்கி ஆட்டோவிலேயே விடியும் வாழ்க்கை அவர்களுடையது. ஒரு ஓட்டுநர் செத்தார். 2024 ஜூனில் பெசன்ட் நகரில் நடைபாதையில் கிடந்த ஒரு பெயின்டர் மேல் பி.எம்.டபிள்யூ ஏறியது. ஓட்டியது ஆந்திராவின் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் மகள். காவல் நிலையத்திலேயே ஜாமீன். அந்த வழக்கில் மது இருந்தது என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பிரிவு போடப்படுகிறது, எத்தனை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள் என்கிறோம்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் புனே. பதினேழு வயதுப் பையன், போர்ஷே கார், இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் சாவு. பதினைந்து மணி நேரத்தில் ஜாமீன், நிபந்தனையாக 300 வார்த்தையில் சாலை விபத்து பற்றி ஒரு கட்டுரை. பையனின் ரத்த மாதிரியைக் குப்பையில் போட்டுவிட்டு அவன் தாயின் ரத்தத்தை வைத்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள். நம் லோடுமேனின் மூச்சை மாற்றி வைக்க எந்த டாக்டரும் வரவில்லை. அவரும் ஒரு கட்டுரை எழுதத் தயாராகத்தான் இருந்திருப்பார்.

சட்டம் ஒன்றுதான். ஒரு முனையில் மீட்டர், ரசீது, தேதி என எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிகிறது. இன்னொரு முனையில் ரத்தம் எப்போது எடுத்தார்கள், குழாயில் சீல் இருந்ததா, ஓட்டியது யார் என்று பதின்மூன்று ஆண்டு ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சி தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் அது உரிமை. 1971லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: வாயில் சாராய வாடை, தள்ளாட்டம், குழறல் இவற்றை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது. அந்த வழக்கில் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை, சந்தேகத்தின் பலன் ஓட்டியவருக்குப் போனது. அந்தச் சந்தேகத்தின் பலன் லோடுமேன் கையில் ஏன் ஒரு நாளும் வந்து சேர்வதில்லை என்பதுதான் கேள்வி.

"உங்க ஆளுங்கதானே அதிகம் குடிக்கிறாங்க" என்று நம்மிடமே சொல்லும் நண்பர்கள் உண்டு. கல்லூரியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று கேட்டார்களே, அதே நாக்குதான் இது. எலைட் கடைக்கும் கிளப்புக்கும் போகிறவர் குடிப்பது 'சோஷியல்', காலனிக்காரர் குடிப்பது குணக்கேடு. கிளப்பிலிருந்து காரில் திரும்புகிறவருக்கு ஆக்டிங் டிரைவர் இருக்கிறார். பல இடங்களில் அந்த ஆக்டிங் டிரைவரும் நம் வீட்டுப் பையன்தான். சிறைக்குள் இருப்பவர்களின் சாதிக் கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது, மக்கள்தொகையில் நம் பங்கைவிட உள்ளே நம் பங்கு அதிகம் என்று அதில் தெரிகிறது. சாலையோரம் பிடிபடுகிறவர்களுக்கு அப்படி ஒரு கணக்கை எவரும் வெளியிடுவதில்லை.

இதற்காக, நம் தெருவில் குடி ஒரு பிரச்சினையே இல்லை என்று நாம் பேசப்போவதில்லை. பெண்கள் அடிக்கு அடி எண்ணிச் சொல்வார்கள். இன்னொன்றும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. இடிக்கிறவரும் நம் தெரு, இடிபடுகிறவரும் நம் தெருவாக இருக்கும் வழக்குகள். இன்சூரன்ஸ் கட்டாத பழைய பைக், குடித்துவிட்டு ஓட்டியவர், எதிரே நடந்து வந்த பக்கத்துத் தெருக் கிழவி. இன்சூரன்ஸ் இருந்தால் பல வழக்குகளில் நீதிமன்றம், கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறது. இன்சூரன்ஸே இல்லையென்றால் கிழவியின் குடும்பத்துக்குத் தீர்ப்பு மட்டும்தான் கிடைக்கும், பணம் கிடைக்காது. இடித்தவர் குடும்பத்துக்கு ஆயுள் கடன். இந்த இரண்டு வீட்டுக்கும் போய்வந்த பிறகும் 185ஆம் பிரிவை நீக்கு என்று எவரும் கோஷம் போட மாட்டார்கள்.

அதனால் இளைய தோழர்கள் சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். நள்ளிரவில் போன் வரும்போது தேட நேரம் இருக்காது.

185ஆம் பிரிவில் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்கிறது. கைது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதில் பெயர், தேதி, அளவு சரியா என்று பாருங்கள். ஊத மறுக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். காரணமில்லாமல் மறுத்தால் அதுவே எதிரான ஆதாரமாகிவிடும். சமரசக் கட்டணம் வாங்கி முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியல் 200ஆம் பிரிவில் இருக்கிறது, அதில் 185 கிடையாது. அபராதத்தை விதிக்கிற அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். ரோட்டில் நின்று, இதைக் கொடு, கேஸ் வேண்டாம் என்று யார் கேட்டாலும் அது அபராதம் இல்லை, அதற்கு வேறு பெயர்.

வண்டி விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் கூலிக்காரருக்கு அபராதத்தைவிடப் பெரிய தண்டனை அதுதான். லைசென்ஸைக் கைப்பற்ற 206ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வண்டியைப் பிடித்துவைக்கும் 207ஆம் பிரிவோ லைசென்ஸ் இல்லாதது, பதிவு இல்லாதது, பர்மிட் இல்லாதது போன்றவற்றைப் பேசுகிறதே தவிர, குடித்து ஓட்டியதைப் பேசவில்லை. 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கூட வந்தவர் குடிக்காதவராக, லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் வண்டியை அவரிடம் கொடு, இல்லையேல் உறவினரையோ நண்பரையோ வரவழைத்துக் கொடு, யாரும் வராவிட்டால் மட்டும் ஸ்டேஷனில் பத்திரமாக வை என்றது. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மனுவில் காட்டலாம், காட்ட வேண்டும். வண்டியைத் திரும்பக் கேட்டு மனு போட புதிய நடைமுறைச் சட்டத்தில் 497, 503 பிரிவுகள் உள்ளன. மழையில் நிற்கும் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட ஒரு மனு எழுதுவது சுலபம்.

நீதிமன்ற வாசலில், ஒத்துக்கொண்டு கட்டிவிட்டுப் போ என்று சொல்ல ஆள் இருப்பார்கள். உண்மையில் குடித்திருந்து, ஆதாரமும் சரியாக இருந்தால் கட்டுவதுதான் வழியாக இருக்கலாம். ஆனால் ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. அடுத்த முறை 'இரண்டாம் குற்றம்' ஆகிவிடும். ஆட்டோ, லாரி, வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கினாலே அடுப்பு அணைந்துவிடும். இதெல்லாம் தெரிந்து ஒத்துக்கொள்வது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு, பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். உதவி எண் 15100.

நம் ஆள் இடிபட்டுக் கிடந்தால் வேலை வேறு. கார்க்காரருக்கு ஊதல் பரிசோதனை செய்தீர்களா, ரத்தம் எடுத்தீர்களா, எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷனில் அங்கேயே கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். விடிந்தபின் எடுத்த ரத்தத்தில் இரவுச் சரக்கு இருக்காது. எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 போட்டிருக்கிறார்களா, 105 போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 106(1) என்றால் கவனக்குறைவால் மரணம், ஐந்து ஆண்டு வரை, ஜாமீனில் விடக்கூடியது. 105 என்றால் மரணம் விளையக்கூடும் என்ற அறிவோடு செய்தது. குடித்துவிட்டு, நடைபாதை மேல் ஏற்றியவருக்கு எது பொருந்தும் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு 2012 தீர்ப்புகளும் இருக்கின்றன, அச்செடுத்துக் கொண்டுபோங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019 திருத்தம் கெடு வைத்திருக்கிறது. துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆறு மாதம் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 கிடைக்க வழி உண்டு.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்குப் பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். உங்கள் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் 185ஆம் பிரிவில் எத்தனை வழக்கு, அதில் டூவீலர் எத்தனை, கார் எத்தனை. எந்தெந்த இடத்தில் சோதனை போட்டீர்கள், அருகிலுள்ள டாஸ்மாக் கடை எத்தனை மீட்டர், அருகிலுள்ள கிளப் அல்லது நட்சத்திர ஓட்டல் எத்தனை மீட்டர். உயிர்ச்சேதம் நடந்த விபத்துகளில் எத்தனை கார் ஓட்டுநர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தீர்கள். 188ஆம் பிரிவில் எத்தனை பேர் மேல் வழக்குப் போட்டீர்கள், அதில் பின்சீட்டில் இருந்தவர்கள் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா.